நெடுந்தீவின் கிணறுகளும் கடல்மட்டமும்

இலங்கையின் வடக்கே, யாழ்ப்பாணத்தை அடுத்த நெடுந்தீவு, நயினாதீவு போன்ற தீவுகளில் ஆறு கிடையாது. மாரி மழை சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகள் வழியே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் நன்னீர் வில்லையாக மிதக்கிறது. நன்னீரின் அடர்த்தி 1 என்றால் கடல்நீரின் அடர்த்தி 1.025. இந்தச் சிறு வேறுபாட்டில்தான் தீவுகளின் குடிநீர் நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் இருக்கும். கிணற்றுமட்டம் 1 அடி இறங்கினால், காலப்போக்கில் உவர் 40 அடி மேலெழக்கூடும். இது ஏட்டுக் கணக்கு. வெடிப்பு நிறைந்த கல்லில் இவ்வளவு ஒழுங்கு இராது. ஆனாலும் கோடையில் மோட்டர் போட்டு இறைத்த கிணறு சவர்த்துப் போவது இதனால்தான்.

இறைப்பு ஒருபுறமிருக்க, கடலும் உயர்கிறது: 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சுமார் 20 சென்டிமீற்றர் உயர்ந்தது. தாழ்ந்த தீவுகள் என்னவாகும் என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை. பசிபிக்கின் துவாலுவில் 101 தீவுகளை ஆராய்ந்த நியூசிலாந்து ஆய்வாளர்கள், 1971 முதல் 2014 வரை மொத்த நிலப்பரப்பு 2.9 வீதம் கூடியதாக 2018இல் அறிவித்தனர். அதே ஆண்டு அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் ஆய்வு வேறொன்றைச் சொன்னது: நிலம் மூழ்குமுன்பே அலைகள் புகுந்து நன்னீரைக் கெடுக்கும், பெரும்பாலான பவளத்தீவுகள் இந்நூற்றாண்டின் நடுவிலேயே வாழத் தகாதனவாகும்.

துவாலுவின் கரைகளில் அலை மணலையும் பவளத்துண்டுகளையும் கொண்டுவந்து சேர்க்கிறது. நெடுந்தீவோ பழைய சுண்ணாம்புக்கல், அப்படி வளராது. இத்தீவுகளுக்கு இரண்டாவது ஆய்வின் எச்சரிக்கையே கூடுதலாகப் பொருந்தும். மாரியில் மழைநீரைத் தேக்குவதும் கோடையில் இறைப்பைக் குறைப்பதும் ஊரவர் கையிலேயே உள்ள வழிகள்.