புட்டியைத் திறக்குமுன் கிரியாட்டினின் எவ்வளவு?

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் முதலில் ஆரோவில் வரும். இன்னும் கொஞ்ச தூரத்தில் மரக்காணம், சாலையோரம் வெள்ளை வெள்ளையாய் உப்புக் குவியல்கள். ஆரோவில்லில் சிமென்ட் தொட்டிகளில் சுருள்பாசி வளர்த்து, வடிகட்டி, உலர்த்தி, தூளாகவும் மாத்திரையாகவும் விற்கிறார்கள். ஸ்பைருலினா என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். சோடா உப்பும் கடலுப்பும் கரைத்த காரத்தண்ணீரில் செழிக்கும் நீலப்பச்சை நுண்ணுயிர் இது. சென்னை முருகப்பச் செட்டியார் ஆய்வு மையத்தில் சி.வி. சேஷாத்ரி குழுவினர், கிராமத்துப் பெண்களே வளர்க்கும் அளவுக்கு இந்தத் தொழில்நுட்பத்தை எளிமையாக்கினார்கள்.

சுருள்பாசி சிறுநீரகத்துக்கு நல்லதா? இந்தக் கேள்விக்கு நேரான பதில் கிடையாது. யாருடைய சிறுநீரகம் என்று முதலில் கேட்க வேண்டும். உலர்ந்த பாசியில் 60 சதவீதம் புரதம் என்பது உண்மை. ஆனால் 2 கிராம் மாத்திரையில் வருவது சுமார் 1.2 கிராம் புரதம். ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. நல்ல சிறுநீரகத்துக்கு அதனால் கெடுதலும் இல்லை, பெரிய லாபமும் இல்லை. யூரிக் அமிலம் ஏறி மூட்டு வீங்குகிறவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது. உண்மையான ஆபத்து வளர்க்கும் தண்ணீரில் இருக்கிறது. தண்ணீரில் ஈயமும் ஆர்செனிக்கும் இருந்தால் பாசி அவற்றை உறிஞ்சிக்கொள்ளும். கண்காணிக்காத தொட்டியில் நச்சு சுரக்கும் வேறு பாசிகளும் கலந்து வளரும். எங்கே வாங்கினாலும் அந்தத் தொகுதியின் ஆய்வக அறிக்கையைக் கேளுங்கள். காட்டத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள்.

நம் இரண்டு சிறுநீரகங்களும் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டி, ஒன்றரை லிட்டரை மட்டும் வெளியே விடுகின்றன. அதாவது, வடிகட்டப்பட்டு, உடல் திரும்ப உறிஞ்சிக்கொள்ளாத பொருள் அங்கே நூறு மடங்கு வரை செறிவாகலாம். உணவாக உண்ணும்போது சாதுவாக இருக்கும் பொருள், சாறாகவும் சத்தாகவும் மாறினால் வேறு குணம் காட்டுவது இதனால்தான். மீன்குழம்பில் நாலு துண்டு பிலிம்பிக்காய் போட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. கொழுப்புக் குறையும் என்று நம்பி அதையே பிழிந்து வெறும் சாறாகக் குடித்த பத்துப் பேர் கேரளத்தில் திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்போடு மருத்துவமனைக்கு வந்தார்கள். ஏழு பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. காயிலிருந்த ஆக்சலேட், நுண்குழாய்களில் படிகமாக இறுகியிருந்தது. 2013-ல் இது மருத்துவ இதழில் வெளியானது.

வைட்டமின் சி-யும் உடலில் ஓரளவு ஆக்சலேட்டாகவே மாறுகிறது. அதே 2013-ல் வெளிவந்த சுவீடன் ஆய்வில், வைட்டமின் சி மாத்திரை வழக்கமாகப் போட்ட ஆண்களுக்குச் சிறுநீரகக் கல் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இருமடங்காக இருந்தது. நெல்லிக்காயைக் கண்டு யாரும் பயப்பட வேண்டாம். நான் சொல்வது ஆயிரம் மில்லிகிராம் மாத்திரையை. வைட்டமின் டி கதை இன்னும் எளிது. வாரம் ஒன்று என்று எழுதிக்கொடுத்த 60,000 யூனிட்டைத் தினம் ஒன்றாக விழுங்கினால் இரத்தத்தில் கால்சியம் ஏறி சிறுநீரகம் படுத்துவிடும்.

'மூலிகைதானே, பக்கவிளைவு கிடையாது' என்பவர்களுக்கு பிரஸ்ஸல்ஸ் நகரத்துச் சேதி ஒன்று. 1990-களின் தொடக்கத்தில் அங்கே உடல் இளைக்க வைக்கும் ஒரு மருத்துவ மையத்தில் சீன மூலிகை மாத்திரை சாப்பிட்ட நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களின் சிறுநீரகம் சுருங்கிப்போனது. ஒரு மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டோலோக்கியா இனத்து வேர் மாறி வந்திருந்தது. பின்னாளில் பலருக்குச் சிறுநீர்ப்பாதையில் புற்றுநோயும் கண்டது. நம் ஈஸ்வரமூலியும் ஆடுதீண்டாப்பாளையும் இதே இனம்தான். ஊர்ப் பொதுவழக்கில் புழங்கும் செடிகள் என்பதாலேயே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பாதரசம் தனிக்கதை. சென்னை சிறுநீரகத் திசுநோயியல் மருத்துவர் அனிலா ஆபிரகாம் குரியனும் குழுவினரும் 2022-ல் ஒரு சங்கதியை வெளியிட்டார்கள். நெல்-1 என்ற புரதம் தொடர்பான ஒருவகைச் சிறுநீரக நோயில் சிறுநீரில் புரதம் ஒழுகும். அந்த நோயாளிகளில் ஒரு பகுதியினர் பாதரசம் கலந்த நாட்டு மருந்து சாப்பிட்டிருந்தார்கள். மருந்தை நிறுத்தியதும் பெரும்பாலோருக்கு ஒழுக்கு குறைந்தது. கேரளத்தின் கோட்டக்கல்லில் பாதரசம் கலந்த சிவப்பழகு கிரீம் பூசியவர்களிடமும் இதே நோயைக் கண்டார்கள். 'என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?' என்று மருத்துவர் கேட்டால் லேகியத்தையும் செந்தூரத்தையும் கிரீமையும் நாம் கணக்கில் சேர்ப்பதில்லை. அவற்றின் டப்பாக்களையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

இனி உப்பு. சோடியத்தைக் குறைத்து, அந்த இடத்தில் பொட்டாசியம் குளோரைடு சேர்த்த உப்பு இப்போது கடைக்கு வந்துவிட்டது. சீனாவில் 600 கிராமங்களில் சுமார் 21,000 பேரிடம் நடந்து 2021-ல் வெளியான ஆய்வில், இந்த உப்பு பக்கவாதத்தை 14 சதவீதம் குறைத்தது. இரத்த அழுத்தக்காரர்களுக்கு இது நல்ல சேதி. ஆனால் அந்த ஆய்வு, கடுமையான சிறுநீரக நோயாளிகளை முதலிலேயே விலக்கிவிட்டுத்தான் தொடங்கியது. உலக சுகாதார நிறுவனம் 2025 ஜனவரியில் தந்த பரிந்துரையிலும் அவர்களுக்கு விலக்கு உண்டு. காரணம், பழுதடைந்த சிறுநீரகம் பொட்டாசியத்தைச் சரியாக வெளியேற்றாது. அது இரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். கணவருக்கு நன்மை செய்யும் பொட்டலம் மனைவிக்குத் தீங்காகலாம். ஒரே சமையலறை என்பதுதான் சிக்கல்.

ஆகவே எந்தப் புட்டியையும் திறக்குமுன் இரண்டு பரிசோதனைகள்: இரத்தத்தில் கிரியாட்டினின் என்ற தசைக் கழிவு, சிறுநீரில் அல்புமின் என்ற புரதம். கிரியாட்டினினிலிருந்து கணக்கிடும் இ-ஜி.எஃப்.ஆர். என்ற வடிகட்டு வேகம் மூன்று மாதத்துக்கு மேல் 60-க்குக் கீழே நின்றால் நாள்பட்ட சிறுநீரக நோய் என்று பொருள். கிரியாட்டினின் பாதித் திறன் போன பிறகே கண்ணில் படும்படி ஏறும் என்பதால் அதை மட்டும் நம்பக்கூடாது. உடற்பயிற்சிக்கூடத்துப் பிள்ளைகள் கிரியாட்டின் தூள் சாப்பிட்டால் சிறுநீரகம் கெடாமலே அந்த எண் கொஞ்சம் கூடும், பரிசோதிப்பவரிடம் சொல்லிவிடுங்கள். புரதத்தூள் டப்பா மேலே எழுதியிருப்பதை அப்படியே நம்பாதீர்கள். 2024-ல் இந்தியச் சந்தையின் 36 தூள்களைச் சோதித்ததில் சுமார் 70 சதவீதத்தில் புரத அளவு தவறாக எழுதப்பட்டிருந்தது. சத்துப்பொருள் டப்பாவில் 14 இலக்க உரிம எண்ணும், மருந்தாகப் பயன்படுத்தக் கூடாது என்ற வாசகமும் இருக்க வேண்டும். அதற்குப் பக்கத்திலேயே 'கிட்னி டீடாக்ஸ்' என்று பெரிய எழுத்தில் இருந்தால் இரண்டில் ஒன்று பொய்.

இவ்வளவு பேசியும், இந்தக் கரையில் சிறுநீரகம் கெடுவது புட்டி வாங்குகிறவர்களுக்கு மட்டும் அல்ல. ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழு 2017 முதல் 2020 வரை தமிழகத்தின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களைப் பரிசோதித்தது. பத்தில் ஒன்பது பேர் பரிந்துரைத்த வரம்பை மீறிய வெப்பத்தில் வேலை செய்தார்கள். 7 சதவீதத்தினரிடம் சிறுநீரகத் திறன் குறைந்திருந்தது. பாத்தியில் நிழல் இல்லை, கழிப்பறை இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே தள்ளிப்போடுகிறார்கள், உடல்வலிக்கு வலிமாத்திரை. உடல் வறண்டிருக்கும்போது அந்த மாத்திரை சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கிறது. நிகராகுவா கரும்புத் தோட்டங்களில் தண்ணீர், நிழல், கட்டாய ஓய்வு மூன்றையும் முறைப்படுத்தியதும் வெட்டுத் தொழிலாளர்களின் சிறுநீரகப் பாதிப்பு குறைந்தது. எந்தக் கடையிலும் விற்காத இந்த மூன்றையும் முதலாளியும் அரசும்தான் ஏற்பாடு செய்ய முடியும்.

வெயிலில் வாடியவர்களுக்கு ஓ.ஆர்.எஸ். உதவும், அசலாக இருந்தால். சர்க்கரைப் பானங்கள் அந்தப் பெயரைப் போட்டு விற்பதை 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடைசெய்தது. ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் போராடியதன் பலன் அது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் 20.5 கிராம் பொட்டலத்தை முழு ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். அரை லிட்டரில் கரைத்தால் உப்பு இருமடங்காகும். ஏற்கெனவே சிறுநீரகம் பழுதானவர்கள், இதில் பொட்டாசியமும் இருப்பதால், மருத்துவரைக் கேட்காமல் தினமும் குடிக்கக் கூடாது.