விமானி எத்தனை மணி நேரம் தூங்கினார்?

ஆனேக்கலிலிருந்து தேவனஹள்ளி விமான நிலையம் போக பெங்களூரின் தெற்கிலிருந்து வடக்கே ஊரையே கடக்க வேண்டும். விடியற்காலை விமானம் என்றால் நமக்குப் பாதி ராத்திரியே பயணம்தான். பரவாயில்லை, ஏறி உட்கார்ந்ததும் தூங்கிவிடலாம். முன்னறையில் இருக்கும் விமானி?

2010 மே 22. துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் காலை ஆறு மணி வாக்கில் மங்களூரில் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. 158 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்கள் எட்டே பேர். விமானி அறையின் ஒலிப்பதிவில் கேப்டனின் குறட்டை கேட்டது. விழித்தபின்னும் தூக்கக் கலக்கம் தெளியாததால் அவர் முடிவெடுப்பதில் பிசகியிருக்கலாம் என்றது விசாரணை அறிக்கை. மேலே ஏறிவிடலாம் என்று துணை விமானி சொல்லியும் அவர் இறக்கப் பார்த்தார்.

அதிகாலை 2 முதல் 6 மணி வரை உடம்பு தூக்கத்தைத்தான் கேட்கும். காபி கொஞ்சம் தாக்குப்பிடிக்க உதவும், அவ்வளவே.

விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2024-இல் விமானிகளின் பணி, ஓய்வு விதிகளைத் திருத்தியது. வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரம் ஆனது. இரவுப் பணியில் தரையிறக்கம் ஆறிலிருந்து இரண்டாகக் குறைந்தது. முழுமையாக அமலானது 2025 நவம்பரில். டிசம்பரில் விமானிகள் போதாமல் இண்டிகோ ஏராளமான விமானங்களை ரத்து செய்ய, பயணிகள் பெட்டியோடு தவித்தார்கள். சிலர் விதியைத் திட்டினார்கள். முன்கூட்டியே ஆள் சேர்த்திருந்தால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. விதிகளில் சில தற்காலிகமாகத் தளர்த்தப்பட்டன.