எல்லை கடக்கும் விலங்குகளும் எல்லை வகுக்கும் சமூகமும்

விலங்குகளின் இடப்பெயர்வு பற்றிய ஆய்வு உயிரியலாளருக்கு மட்டுமே உரிய துறை என்ற எண்ணம் நம்மிடையே வலுவாக உண்டு. பறவை எங்கே பறக்கிறது, மான் எங்கே மேய்கிறது என்பன இயற்கை பற்றிய வினாக்கள் என்றும், அவற்றுக்கும் சமூக வரலாற்றுக்கும் தொடர்பில்லை என்றும் கருதுவோர் பலர். ஆயின், ஒரு விலங்கு நாட்டெல்லையொன்றைக் கடந்தது என்று நாம் எழுதும் கணத்திலேயே சமூக வரலாறு அவ்வாக்கியத்தினுள் புகுந்துவிடுகிறது. ஆறும் மலையும் கடலும் இயற்கையானவை, எல்லை அத்தகையதன்று. அது குறிப்பிட்ட காலத்தில், குறிப்பிட்ட அரசுகளால், அவ்வரசுகள் காத்துநின்ற நலன்களுக்கேற்ப வகுக்கப்பட்டது. சுற்றாடல் மாற்றத்தால் உயிரினங்கள் தம் பழைய வாழிடங்களை விட்டுப் பெயரவேண்டியுள்ள இன்றைய நிலையில், அவற்றின் இயக்கத்தை ஆராய்வது அவ்வியக்கத்துக்குத் தடையாக நிற்கும் சமூக உறவுகளையும் ஆராய்வதாகவே அமையும். இதனை மொங்கோலியப் புல்வெளியை முதன்மைச் சான்றாகக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கிய மாணவர்க்கு இப்பொருள் முற்றிலும் புதியதன்று. சத்திமுத்தப் புலவர் நாரையைத் தூதுவிட்ட தனிப்பாடல், அப்பறவை பருவந்தோறும் தெற்கே வந்து வடக்கே மீளும் என்ற அறிவின் மீதே கட்டப்பட்டது. பறவைகளின் பருவப் பெயர்வைக் குறிக்கும் 'வலசை' என்ற சொல், பகைக்கு அஞ்சி மக்கள் ஊர்விட்டுப் பெயர்வதையும் குறித்து வழங்கி வந்துள்ளது. இரு பெயர்வுகளையும் ஒரே சொல்லால் சுட்டிய மொழிவழக்கு மனங்கொள்ளத்தக்கது.

1. ஆய்வுமுறையின் வளர்ச்சி

பறவைகள் குளிர்காலத்தில் எங்கே மறைகின்றன என்பது ஐரோப்பியருக்கு நீண்டகாலம் புதிராகவே இருந்தது. 1822இல் வட யேர்மனியின் குளுற்ஸ் என்னும் ஊரருகே சுடப்பட்ட நாரையொன்றின் கழுத்தில் ஆபிரிக்க ஈட்டியொன்று தைத்திருந்தது. கண்டம் கடந்த பயணத்துக்கு அது கண்கூடான சான்றாயிற்று. 1899இல் டென்மார்க்கின் ஆசிரியரான மோர்ட்டென்சன் இலக்கமிட்ட அலுமினிய வளையங்களை மைனா இனப் பறவைகளின் காலில் இட்டார். முறையான வளையமிடல் ஆய்வு இதிலிருந்தே தொடங்குகிறது எனலாம்.

வளையம் இரு புள்ளிகளை மட்டுமே தரும்: பறவை பிடிக்கப்பட்ட இடம் ஒன்று, அது மீண்டும் அகப்பட்ட, அல்லது இறந்துகிடந்த இடம் மற்றொன்று. இடைப்பட்ட வழி ஊகத்துக்கே விடப்பட்டது. 1960களில் பரவிய வானொலிக் கழுத்துப்பட்டியும், பின்னர் வந்த செய்மதிக் கருவிகளும் இந்நிலையை மாற்றின. இப்போது விலங்கின் பாதை முழுவதும் கோடாகக் கிடைக்கிறது. இம்மாற்றத்தின் முக்கியத்துவம் நுணுக்கத்தில் மட்டும் தங்கியிருக்கவில்லை. விலங்கு சென்ற இடத்தை வளையம் சொல்லிற்று; அது செல்ல முயன்று திரும்பிய இடத்தைச் செய்மதிக் கருவியே காட்டிற்று. தடை என்பது அறிவியல் தரவாக மாறியது அதன் பின்னரே.

இத்தரவின் ஆற்றலுக்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். பழைய செக்கோசிலவாக்கியாவுக்கும் மேற்கு யேர்மனிக்கும் இடைப்பட்ட காட்டினூடே பனிப்போர்க் காலத்தில் மின்வேலி ஓடிற்று. 1989ஆம் ஆண்டின் மாற்றங்களை அடுத்து அவ்வேலி அகற்றப்பட்டது. கால் நூற்றாண்டு கழிந்தபின், ஏறத்தாழ 300 செம்மான்களைப் பின்தொடர்ந்த ஆய்வாளர், அவை பெரும்பாலும் பழைய வேலிக்கோட்டைக் கடவாது திரும்புவதைக் கண்டனர். வேலியை நேரிற் கண்ட மான் எதுவும் அப்போது உயிருடன் இருந்திருக்க இயலாது. குட்டி முதலாண்டில் தாயின் பின்னேயே நடந்து வழியறிகிறது. தாயின் தயக்கம் குட்டியின் வழக்கமாயிற்று. அடித்தளம் தகர்ந்த பின்னரும் அதன்மேல் எழுந்த வழக்கங்கள் எஞ்சிநிற்பதைச் சமூக வரலாற்றில் நாம் அறிவோம். மானின் வழக்கத்தை மனிதனின் கருத்துநிலையோடு சமப்படுத்துவது பொருந்தாது. எனினும், அரசியல் எல்லையொன்று விலங்கின் வாழ்முறையிலேயே பதிந்துவிடக்கூடும் என்பது இங்கு ஐயத்துக்கிடமின்றித் தெரிகிறது.

2. மொங்கோலியப் புல்வெளி

மொங்கோலியாவின் புல்வெளியிலும் கோபிப் பாலையிலும் மழை ஆண்டுதோறும் ஒரே இடத்தில் பெய்வதில்லை. இவ்வாண்டு பசுமையுற்ற நிலம் அடுத்த ஆண்டு வறண்டு கிடக்கும். எனவே அங்கு வாழும் கசெல் மான்களுக்கும், குலான் எனப்படும் காட்டுக் கழுதைகளுக்கும் நிலையான வலசைப் பாதை இல்லை. புல் முளைக்குமிடம் நோக்கி அவை அலைகின்றன. ஒரு குலான் ஓராண்டில் பல்லாயிரம் சதுர கிலோமீற்றர் பரப்பினுள் நடமாடும். மொங்கோலிய இடையர்கள் மந்தைகளோடு இடம்பெயர்ந்து வாழ்வதன் காரணமும் இதுவே. நிலையின்மைக்கு நடமாட்டமே விடை என்பதில் மனிதனும் விலங்கும் அங்கு ஒத்திருந்தனர்.

1956இல் சோவியத் எல்லையையும் சீன எல்லையையும் உலான்பாத்தர் வழியாக இணைக்கும் புகையிரதப் பாதை திறக்கப்பட்டது. கால்நடைகள் தண்டவாளத்தில் ஏறாதிருக்கப் பாதையின் இருமருங்கும் வேலி இடப்பட்டது. இது நாட்டின் உள்ளே ஓடும் வேலியே. ஆயினும் விலங்குகளைப் பொறுத்தவரை அது எல்லையாகவே இயங்கிற்று. பாதைக்குக் கிழக்கே குலான்கள் ஏறத்தாழ மறைந்துபோயின. கருவி பொருத்தப்பட்ட விலங்குகள் வேலியை அண்மிப்பதும், அதன் நெடுகே நடப்பதும், பின்னர் திரும்புவதும் ஆய்வுகளிற் பதிவாகியுள்ளன. கடுங்குளிரில் மறுபுறத்துப் புல்லை நாடிவந்த கசெல் மான்கள் வேலிக்கம்பியிற் சிக்கி இறந்தமையும் பதிவாகியுள்ளது.

இவ்வேலியை இட்டவை சமதர்ம அரசுகள் என்பதை மார்க்சியர் மறைத்தல் தகாது. உற்பத்திச் சக்திகளின் வளர்ச்சியை முன்னிறுத்திய அத்திட்டம் புல்வெளியின் இயக்கத்தைக் கணக்கிற் கொள்ளவில்லை. இயற்கையை வென்றதாக எண்ணும் மனிதன் பின்னர் எதிர்பாராத விளைவுகளைச் சந்திக்கிறான் என்பதை, மெசப்பொத்தேமியாவிலும் கிரேக்கத்திலும் காடழிந்தமையைச் சான்று காட்டி 'இயற்கையின் இயங்கியல்' நூலில் ஏங்கெல்ஸ் முன்னரே எடுத்துரைத்திருந்தார். அவரைத் தம் ஆசானாகக் கொண்ட அரசுகளே அவ்வெச்சரிக்கையைப் புறக்கணித்தன.

1990களில் நிகழ்ந்த தனியார்மயம் நிலைமையை மேலும் சிக்கலாக்கிற்று. கூட்டுப்பண்ணைகள் கலைக்கப்பட்டன, மந்தைகள் குடும்பங்களின் உடைமையாயின, நிலைத்த வருமானம் தந்தது காஷ்மீர் ஆட்டுமயிர் ஒன்றே. 1990இல் ஏறத்தாழ 2.5 கோடியாக இருந்த கால்நடைத் தொகை 2019இல் 7 கோடியைத் தாண்டிற்று. அதேவேளை, 1940களிலிருந்து நாட்டின் சராசரி வெப்பநிலை 2 பாகை செல்சியசுக்கு மேல் உயர்ந்துள்ளது. கோடை வறட்சியும், அதனைத் தொடர்ந்து புல்லைப் பனிக்கட்டி மூடும் கொடிய மாரியும் சேர்ந்த பேரழிவை மொங்கோலியர் 'சூட்' என்பர். 2009–10ஆம் ஆண்டுச் சூட்டில் 80 இலட்சத்துக்கு மேற்பட்ட கால்நடைகள் மடிந்தன. மந்தை இழந்த குடும்பங்கள் உலான்பாத்தரின் புறநகர்க் குடியிருப்புகளைச் சென்றடைந்தன. சூட்டின்போது விலங்குகள் நெடுந்தொலைவு பெயர்ந்தாலன்றிப் பிழைத்தல் அரிது. பெயர்ச்சி மிக இன்றியமையாததாகும் வேளையிலேயே வேலியின் கொடுமை முழுமையாக வெளிப்படுகிறது.

இவ்விடத்து ஒரு முரண்பாட்டை நோக்குதல் வேண்டும். தெற்குக் கோபியின் தவன்தொல்கொய் சுரங்கங்களிலிருந்து நிலக்கரி சீனாவுக்குச் செல்கிறது. அதற்கென 2022இல் தனிப் புகையிரதப் பாதை திறக்கப்பட்டது. பண்டத்துக்கு எல்லை வாயிலாகிறது. விலங்குக்கு அதே எல்லை சுவராகிறது. கடந்துசெல்லும் அப்பண்டமே எரிக்கப்பட்டு வளிமண்டலத்தைச் சூடாக்கி, விலங்கையும் இடையனையும் பெயரத் தூண்டும் காரணங்களுள் ஒன்றாகிறது. பெயர்வைத் தூண்டுவதும் தடுப்பதும் ஒரே பொருளாதாரத்தின் இரு தொழிற்பாடுகள்.

நம்பிக்கைக்கும் இடமுண்டு. பழைய புகையிரதப் பாதையின் சில பகுதிகளில் பரிசோதனையாக வேலி நீக்கப்பட்டபின், 2020இல் குலானொன்று கிழக்கே கடந்துசென்றமை பதிவாயிற்று. அறுபதாண்டுகளுக்கு மேல் நீடித்த பிரிவுக்குப் பின் நிகழ்ந்த கடப்பு அது. சில நூறு மீற்றர் கம்பியை நீக்குவதற்குப் பெருந்தொழில்நுட்பம் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

3. ஆய்வும் அரசும்

விலங்கைப் பின்தொடரும் ஆய்வும் எல்லைகளுக்குக் கட்டுப்பட்டதே. 1957இல் அன்றைய மைசூர் மாநிலத்தின் கியாசனூர்க் காட்டுப் பகுதியில் குரங்குகளையும் மனிதரையும் கொன்ற நோயொன்று இனங்காணப்பட்டது. அதன் நுண்ணுயிரி உருசிய மூளையழற்சி நோயின் நுண்ணுயிரியோடு உறவுடையது எனத் தெரிந்ததும், சைபீரியப் பறவைகள் அதனைக் கொணர்ந்திருக்கலாம் என ஐயுற்றனர். சலீம் அலியின் தலைமையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் மேற்கொண்ட வளையமிடல் பணி இச்சூழலில் வளர்ந்தது. பின்னர் அப்பணிக்கு அமெரிக்க இராணுவத்தின் நிதியும் கிடைத்தது. 1970களின் நடுப்பகுதியில் அது இந்தியாவில் பெரும் சர்ச்சையாயிற்று. பறவைகளே நோயைக் கொணர்ந்தன என்பது நிறுவப்படவில்லை. ஆனால் ஆசியப் பறவைகளின் வலசை பற்றிய நம் அறிவின் ஒரு பகுதி அந்நிதியினாலேயே கிட்டிற்று. அறிவு பயனுடையதாயிருக்கலாம், அதனைத் தோற்றுவித்த நோக்கம் வேறாயிருக்கலாம். இரண்டையும் பிரித்துணர்வதே விமர்சன நோக்கு.

அண்மைக் காலச் சான்றுகளும் இதனையே கூறுகின்றன. யேர்மன், உருசிய ஆய்வாளரின் கூட்டு முயற்சியான 'இக்காரஸ்' திட்டம், அனைத்துலக விண்வெளி நிலையத்தின் உருசியப் பகுதியில் வாங்கி பொருத்தி விலங்குகளின் நடமாட்டத்தைப் பதிவுசெய்தது. 2022இல் உக்ரேன் போர் மூண்டதும் ஒத்துழைப்பு முறிந்து தரவு நின்றது. அதே ஆண்டில் உக்ரேன் வழியே வடக்கே சென்ற பெரும்புள்ளிக் கழுகுகள் 19ஐப் பின்தொடர்ந்த ஆய்வொன்று, அவை போர்க்களங்களைத் தவிர்த்து, முன்னைய ஆண்டுகளைவிடச் சராசரியாக 85 கிலோமீற்றர் மிகுதியாகப் பறந்தன எனக் காட்டிற்று. 2019இல் உருசிய ஆய்வாளர் கருவி பொருத்திய புல்வெளிக் கழுகொன்று, கசகஸ்தானின் தொலைபேசி இணைப்பற்ற வெளிகளிற் கோடையைக் கழித்து ஈரானுள் புகுந்தது. அங்கு கருவியிற் சேர்ந்திருந்த குறுஞ்செய்திகள் யாவும் வெளிநாட்டுக் கட்டணத்தில் ஒருங்கே அனுப்பப்பட்டு, திட்டத்தின் நிதியையே விழுங்கின. கழுகுக்கு எல்லை தெரியாது. கட்டணப் பட்டியலுக்குத் தெரியும்.

4. மன்னாரும் நாமும்

மத்திய ஆசியப் பறவைப் பாதையின் தென்முனை நம் நாட்டிலே உள்ளது. மன்னாரின் வங்காலைச் சதுப்புநிலங்கள் 2008இல் சரணாலயமாகவும், 2010இல் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டன. கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர் சீன ஆய்வாளருடன் இணைந்து மன்னாரில் கருவி பொருத்திய கடற்காகங்கள் உருசியாவின் வடதுருவக் கரைவரை சென்றமை தெரியவந்துள்ளது. வடதுருவம் உருகுவதும் மன்னாரின் சேற்றுநிலம் சுருங்குவதும் அப்பறவைக்கு ஒரே வாழ்வின் இரு முனைகளில் நேரும் இழப்புகள்.

மன்னார்த் தீவில் காற்றாலைகள் நிறுவப்பட்டுள்ளன. புதிய திட்டங்களுக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக 2025இல் மக்கள் தொடர்ந்து போராடினர். நிலக்கரியைக் கைவிடக் காற்று மின்சாரம் வேண்டும் என்பது உண்மை. அதனால் 'பறவையா, மின்சாரமா' என்று வினவுவோர் உளர். இவ்வினா பிழையாக அமைக்கப்பட்டது. மின்சாரம் யாருக்கு, இலாபம் யாருக்கு, இடத்தைத் தெரிவுசெய்தோர் யார், மழைநீர் தேங்கி வீடிழப்போரும் கரைவலை இழுக்க இடமிழப்போரும் யார் என்பனவே கேட்கப்படவேண்டியவை. பறவையின் வழியை அடைக்கும் முடிவும் மீனவரின் கரையை அடைக்கும் முடிவும் ஒரே மேசையிலேயே எடுக்கப்படுகின்றன.

வலசைபோகும் உயிரினங்களைக் காக்கும் பொன் உடன்படிக்கை 1979இல் உருவாயிற்று. இலங்கை 1990இல் அதிற் சேர்ந்தது. சீனாவும் உருசியாவும் அதன் உறுப்பு நாடுகளல்ல. அவ்வுடன்படிக்கையின் 2024ஆம் ஆண்டு அறிக்கையின்படி, பட்டியலிடப்பட்ட இனங்களுள் 44 விழுக்காடு தொகையிற் குறைந்துவருகின்றன. ஐந்தில் ஒன்றுக்கு மேற்பட்டவை அழிவை எதிர்நோக்குகின்றன.

தொகுத்து நோக்குமிடத்து, எல்லை கடக்கும் விலங்கு பற்றிய ஆய்வு மூன்று உண்மைகளை உணர்த்துகிறது. தடை இயற்கையன்று, வரலாற்றின் விளைவு; ஆகவே மாற்றப்படக்கூடியது. சுற்றாடல் மாற்றத்தின் சுமை, அதற்குக் காரணமல்லாதோர் மீதே முதலில் விழுகிறது. குலானும் இடையனும் கடற்காகமும் மீனவனும் இதில் ஒரே பக்கத்தினர். மூன்றாவதாக, விலங்கின் பாதையை வரைந்து காட்டுவது உயிரியலாளரின் பணி. அப்பாதையின் குறுக்கே நிற்பது யாருடைய வேலி என்று கேட்பது நம் அனைவரதும் பணி.