வக்கீல் கட்டிய வேஷம்

‘மனோகரா’ என்றதும் நமக்குச் சிவாஜியின் கர்ஜனையும் கருணாநிதியின் வசனமும்தான் நினைவுக்கு வரும். அந்தப் படம் 1954இல் வந்தது. கதையோ 1895இலேயே எழுதப்பட்டுவிட்டது. எழுதியவர் பின்னாளில் சென்னையில் வக்கீலாகத் தொழில் நடத்திய பம்மல் சம்பந்த முதலியார்.

1873இல் பிறந்த சம்பந்தத்துக்குச் சிறுவயதில் தமிழ் நாடகம் என்றாலே இளப்பம். பதினெட்டு வயதில், பெல்லாரியிலிருந்து வந்த சரசவிநோதினி சபையின் தெலுங்கு நாடகத்தைப் பார்த்த பிறகு அந்த எண்ணம் மாறியது. அந்தச் சபையை நடத்திய கிருஷ்ணமாச்சாரியும் வக்கீல்தான். படித்தவர்கள் வேஷம் கட்டினால் கௌரவம் போய்விடாது என்பதற்குக் கண்ணெதிரே சாட்சி! அதே ஆண்டில், 1891இல், நண்பர்களோடு சேர்ந்து சுகுண விலாச சபையைத் தொடங்கினார்.

நடிகனைக் ‘கூத்தாடி’ என்று ஒதுக்கிய காலம் அது. வாடகைக்கு வீடு கொடுக்கவே யோசிப்பார்கள். அந்தக் காலத்துச் சென்னையில்தான் பி.ஏ., பி.எல். படித்தவர்கள் மாலையானதும் அரிதாரம் பூசினார்கள். வி.வி. சீனிவாச ஐயங்கார், சத்தியமூர்த்தி என்று சபைக்குள் வந்த வக்கீல்கள் பலர். பெண் வேஷங்களையும் ஆண்களே கட்டினார்கள். சம்பந்தத்தின் நாயகனுக்கு நாயகியாக நின்றவர் அவரது ஆருயிர் நண்பர் ரங்கவடிவேலு. குடும்பப் பெண்களை மேடையேற்றும் துணிச்சல் மட்டும் இந்தச் சீர்திருத்தக்காரர்களுக்கு வரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஷேக்ஸ்பியர் மீது அவருக்குத் தீராத மோகம். ‘ஹாம்லெட்’ அவர் கையில் ‘அமலாதித்தன்’ ஆனது. ‘மாக்பெத்’ ‘மகபதி’ ஆனது. வெனிஸ் வணிகன் ‘வாணீபுரத்து வணிகன்’ ஆனான். பாட்டுக்கு நடுவே பேச்சு என்றிருந்த மேடையில், பேச்சுக்கு நடுவே பாட்டு என்று ஆக்கியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. நாள் முழுக்கப் பேசிப் பிழைக்கிற வக்கீலுக்கு உரைநடையின் பலம் தெரியாமல் இருக்குமா?

வக்கீல் புத்தி இன்னோரிடத்திலும் தெரிகிறது. தன் அனுமதியில்லாமல் நாடகத்தை யாரும் ஆடக்கூடாது என்பதில் கறாராக இருந்தார். கம்பெனிகளிடம் ராயல்டி கேட்டு வாங்கினார். எழுதியவனுக்குப் பத்து ரூபாய் கொடுப்பதே தர்மம் என்று நினைத்த தொழிலில், இது சின்ன விஷயமல்ல.

1924இல் சிறுவழக்கு நீதிமன்ற நீதிபதியானார், 1928இல் ஓய்வு. அதன்பின் சினிமாவும் அவரை விடவில்லை. 1936இல் வந்த ‘மனோகரா’வில் அவரே ராஜா புருஷோத்தமன். எண்பதுக்கும் மேற்பட்ட நாடகங்கள் எழுதினார். அவற்றில் ‘சபாபதி’ 1941இல் படமாகி இன்றும் சிரிக்க வைக்கிறது. 1959இல் பத்மபூஷண் வந்தது, நாடகத்துக்காக. அவர் வாதாடி ஜெயித்த வழக்கு ஒன்றைச் சொல்லச் சொன்னால் இன்று எவரும் விழிப்பார்கள்.

அவரது ‘நாடக மேடை நினைவுகள்’ ஆறு பாகங்கள். விக்கிமூலத்தில் காசில்லாமலே கிடைக்கின்றன. முதல் பாகத்தையாவது படித்துப் பாருங்கள்.