இரைப்பையின் பூட்டு

தம்பி, தங்கையரே, அம்மா அப்பாவுக்காக டாக்டரிடம் மொழிபெயர்க்கப் போகிறவர்கள் உங்களில் பலர். ‘கிளாடின்’ என்ற சொல்லைத் தெரிந்து வைத்திருங்கள்.

இரைப்பையின் உட்சுவரில் செல்களுக்கு இடையே அமிலம் கசியாமல் இறுக்கிப் பூட்டும் புரதங்களில் ஒன்று கிளாடின் 18.2. லத்தீனில் ‘மூடுதல்’ என்ற சொல்லிலிருந்து வந்த பெயர். சுகமான இரைப்பையில் அது செல்களின் இடுக்கில் ஒளிந்திருக்கும். புற்றுநோயில் செல்களின் ஒழுங்கு குலையும்போது வெளியே தெரியவரும். அதைக் குறிவைத்த மருந்து சோல்பெடக்சிமாப். மைன்ஸ் நகரில் 2001இல் தொடங்கிய கனிமெட் நிறுவனத்தில் உருவானது. நிறுவியவர்களில் உகுர் சாஹினும் ஓஸ்லெம் துரெஜியும் உண்டு. ஆம், கொரோனாத் தடுப்பூசித் தம்பதியேதான். ஐரோப்பிய அனுமதி 2024இல் கிடைத்தது.

இது நோயை அடியோடு மாற்றும் மருந்தல்ல. ஒரு பெரிய ஆய்வில், கீமோவுடன் சேர்த்துக் கொடுத்தபோது நோயாளிகளில் பாதிப்பேர் 18.2 மாதங்கள் தாண்டி வாழ்ந்தார்கள். கீமோ மட்டும் என்றால் 15.5. (18.2 இரண்டு இடத்திலும் வருவது தற்செயல்!) வாந்திதான் பெரிய தொல்லை. அதனால் வாந்தி மருந்தை முதலில் கொடுத்து, இதை மெதுவாக ஏற்றவேண்டும்.

அறுவைச் சிகிச்சை செய்ய முடியாத இரைப்பைப் புற்றுநோய் என்று சொன்னால், “திசுவில் கிளாடின் பார்த்தீர்களா?” என்று கேளுங்கள். அந்த ஆய்வுக்காகப் பரிசோதித்தவர்களில் பத்தில் நான்கு பேருக்குச் சற்றுக் குறைவாக, அது போதிய அளவில் இருந்தது.