'அண்மைக் காரணம்' எனும் மயக்கம்: கலிபோர்னியத் தீங்கியல் சட்டமும் மொழிபெயர்ப்பும்

1. முன்னுரை

சட்டச் சொல் ஒன்று நீதிபதிக்கு ஒரு பொருளையும் சட்டம் பயிலாத குடிமக்களுக்கு வேறொரு பொருளையும் தருமாயின், வழக்கின் முடிவே மாறிவிடக்கூடும். அமெரிக்காவின் கலிபோர்னிய மாநிலத்தில், பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பெறும் ஜூரி விசாரிக்கும் உடற்காய வழக்குகளில் எழுந்த இத்தகைய சிக்கலையும், அதனால் மொழிபெயர்ப்பாளர் பெறத்தக்க பயனையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

2. பொறுப்பின் கூறுகள்

இயல்பான கவனம் இன்மையால் பிறர்க்கு விளைந்த தீங்கிற்கு ஒருவர் பொறுப்பாவார் என்பது அம்மாநிலத்தின் 1872-ஆம் ஆண்டு உரிமையியல் சட்டத்தொகுப்பின் 1714-ஆம் பிரிவு கூறும் அடிப்படை விதியாகும். இழப்பீடு கோரும் வாதி மூன்றினை மெய்ப்பித்தல் வேண்டும். அவை: (அ) பிரதிவாதியின் கவனக்குறைவு, (ஆ) தமக்கு நேர்ந்த தீங்கு, (இ) இவ்விரண்டிற்கும் இடையிலான காரணத் தொடர்பு. ஈண்டுக் கவனக்குறைவு என்பது மனநிலையைக் குறிப்பதன்று. அறிவார்ந்த ஒருவர் அச்சூழலில் மேற்கொள்ளும் எச்சரிக்கையினும் குறைந்த நடத்தையைக் குறிப்பதாகும்.

வாதியிடத்தும் தவறு இருப்பின், முன்னர்ப் பொதுவாக அவரது கோரிக்கை முற்றிலும் தள்ளுபடியாயிற்று. 1975-இல் மாநில உச்ச நீதிமன்றம் இதனை மாற்றி, ஒப்பீட்டுத் தவறு என்னும் கொள்கையை ஏற்றது. சான்றாக, இழப்பு 1,00,000 டாலர், வாதியின் தவறு 30 விழுக்காடு எனின், அவர் 70,000 டாலர் பெறுவார்.

3. சொல்லால் விளைந்த பிழை

காரணத் தொடர்பைச் சுட்ட ஜூரிக்கு வழங்கப்பட்ட அறிவுரையில் 'பிராக்சிமேட் காஸ்' என்னும் தொடர் நெடுங்காலம் இடம்பெற்றது. ராபர்ட் சாரோ, வீடா சாரோ ஆகியோர் 1979-இல் வெளியிட்ட உளமொழியியல் ஆய்வில், இவ்வறிவுரையைக் கேட்டோருள் ஏறத்தாழக் காற்பங்கினர் அதனைப் பிழைபடப் புரிந்துகொண்டமை வெளிப்பட்டது. அவர்களுள் சிலர் அதனை 'அப்ராக்சிமேட்' எனக் கொண்டு, தோராயமான காரணம் எனப் பொருள் கண்டனர்.

ஏரியில் மூழ்கி இறந்த 12 வயதுச் சிறுவனின் பெற்றோர் தொடுத்த வழக்கில் இச்சிக்கல் முழுமையாக வெளிப்பட்டது. பிரதிவாதிகள் கவனக்குறைவாக இருந்தனர் என ஏற்ற ஜூரி, அது 'பிராக்சிமேட் காஸ்' அன்று என முடிவு செய்தது. 1991-இல் உச்ச நீதிமன்றம் மேற்கூறிய ஆய்வையும் சுட்டிக்காட்டி, இத்தொடர் இடத்தாலும் காலத்தாலும் மிக அருகிலுள்ள காரணத்தை மட்டும் நோக்கச் செய்கிறது எனக் கருதி, அவ்வறிவுரையைக் கைவிடச் செய்தது. தீங்கு விளைவதில் கணிசமான பங்குடைய காரணி எது என்பதே அதன்பின் வினாவாயிற்று. 2003-இல் ஏற்கப்பட்ட எளியநடை அறிவுரைகளும் இதனைப் பின்பற்றின. அக்காரணி அற்பமானதாகவோ தொலைவானதாகவோ இருத்தல் கூடாது. எனினும் அஃதொன்றே காரணமாக இருத்தல் வேண்டுவதில்லை.

4. தமிழாக்கத்தில் கருதத்தக்கவை

பழைய தொடரை 'அண்மைக் காரணம்' எனச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பின், ஆங்கிலத்தில் நேர்ந்த மயக்கம் தமிழிலும் குடிபுகும். 'மூலகாரணம்' என்பதும் பொருந்தாது. அது காரணம் ஒன்றே என்னும் கருத்தைத் தருவது. 'கணிசமான காரணி' என்பது ஓரளவு பொருந்தும்.

சொல் மட்டுமன்றி இடைச்சொல்லும் பொருளை மாற்றவல்லது. 'பிரதிவாதியின் கவனக்குறைவே தீங்கிற்குக் காரணமா?' என வினவின், பிரிநிலை ஏகாரம் பிற காரணங்களை விலக்கிவிடும். வாதி தோற்க அவ்வோர் எழுத்தே போதும். 'கவனக்குறைவும் கணிசமான காரணியாக அமைந்ததா?' என எச்சவும்மை பெய்து வினவின், பிற காரணங்களுக்கும் இடமளிக்கும் சட்டக் கருத்து சிதையாது.

5. முடிவுரை

ஒரு கலைச்சொல் மூலமொழியினர்க்கே விளங்காதபோது அதன் சொற்பொருளைப் பெயர்த்தல் பயன் தராது. அச்சொல் நீதிமன்றத்தில் ஆற்றும் பணியை அறிந்து, அப்பணியை ஆற்றும் தமிழ்த்தொடரை அமைத்தலே மொழிபெயர்ப்பாளர் கடனாகும். அவ்வாறு அமைத்த தொடரைச் சட்டம் பயிலாதாரிடம் படித்துக்காட்டி, அவர் கொள்ளும் பொருளைச் சோதித்தறிதல் நலம்.