யாஷிகாவை வாசித்தல்: பழைய கேமரா, விற்பனைப் பிரதி, எடைக்குப் போன நெகட்டிவ்கள்

1

'120 கேமரா, ஆண்டிக் பீஸ், சூப்பர் கண்டிஷன், கிழக்குத் தாம்பரம்.' பழைய பொருள்களை விற்கும் ஓர் இணையச் சந்தையில் இந்த ஒற்றை வரியும் மூன்று மங்கலான படங்களும் இருந்தன. இந்த வரியில் திட்டவட்டமாகப் பொருள்படுவது '120' என்ற எண் மட்டுமே. அதுவும் கேமராவைக் குறிப்பதன்று, படச்சுருளைக் குறிப்பது. 1901இல் கோடக் நிறுவனம் தன் பிரவுனி பெட்டிக் கேமராவுக்காகக் கொண்டுவந்த சுருள் அது. அதில் 6x6 சென்டிமீட்டர் சதுரமாக எடுத்தால் 12 படம், 6x4.5 என்றால் 16, 6x9 என்றால் 8. நாம் பரவலாக அறிந்த 35 மி.மீ. சுருளின் சட்டகத்தைவிட 6x6 சட்டகம் பரப்பில் மூன்றரை மடங்கு பெரிது. புத்தகங்கள் இதை மீடியம் ஃபார்மட் என்கின்றன. நம் ஸ்டுடியோக்காரர்களுக்கு இது வெறும் 'ஒன்-ட்வென்டி'.

இந்தப் பரப்பு வெறும் தொழில்நுட்ப விவரமல்ல. நெகட்டிவ் பெரிதாக இருப்பதால்தான் அதன்மேல் பென்சிலை வைத்து 'டச்சிங்' செய்ய முடிந்தது. அம்மைத் தழும்பு மறைந்தது, கண்ணுக்குக் கீழே கருமை குறைந்தது. பெண் பார்க்க அனுப்பும் படத்தில் ஒரு பெண் எப்படித் தெரியவேண்டும் என்பதை அந்த மூன்றரை மடங்குப் பரப்பில் ஒருவர் உட்கார்ந்து தீர்மானித்தார். தமிழ் முகம் என்று நாம் பழைய ஆல்பங்களில் காண்பது இந்தப் பென்சிலின் வழியாகக் கட்டமைக்கப்பட்டதும்கூட.

இந்தச் சுருளுக்கென்று நம்மிடமே ஓர் உற்பத்தி மரபும் இருந்தது. உதகையில் 1960இல் தொடங்கப்பட்டு 1967இல் உற்பத்திக்கு வந்த இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளைச் சுருள்களைத் தயாரித்தது. இந்து என்றால் நிலா. பரோடாவில் தயாரான அக்ஃபா கிளிக்-3 நடுத்தர வர்க்க வீடுகளுக்கு 120ஐக் கொண்டுபோனது. இன்று உதகை ஆலை மூடப்பட்டுவிட்டது. சுருள் இங்கிலாந்து, அமெரிக்கா, செக் நாடுகளிலிருந்து வருகிறது. கேமராவோ எங்கிருந்தும் புதிதாக வருவது அபூர்வம். ஆகவே இன்று மீடியம் ஃபார்மட்டுக்குள் நுழைகிற எவரும் பழையதைத்தான் வாங்கியாக வேண்டும், அதையும் பெரும்பாலும் இணையத்தில்.

2

தென்சென்னைக்காரருக்குப் பழைய சாமான் வாங்குவது புதிதல்ல. 1985இல் எரிந்துபோன மூர் மார்க்கெட்டை விட்டுவிட்டாலும் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை இருக்கிறது. அங்கே பொருள் கையில் இருக்கும். திருப்பிப் பார்க்கலாம், முகர்ந்து பார்க்கலாம், "இது ஓடுமா?" என்று கேட்டுவிட்டு விற்பவரின் கண்ணைப் பார்க்கலாம். இணையத்தில் பொருள் இல்லை. பொருளைப் பற்றிய சொற்களும் படங்களுமே இருக்கின்றன. அதாவது நாம் முதலில் வாங்குவது ஒரு பிரதியை. கேமரா பிறகுதான் வருகிறது.

இந்தச் சிக்கலைப் பொருளாதாரவாதி ஜார்ஜ் அகெர்லாஃப் 1970இல் பழைய கார்ச் சந்தையை முன்வைத்து விளக்கினார். விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாது. நல்லதையும் சொத்தையையும் பிரித்தறிய முடியாதபோது வாங்குபவர் எல்லாவற்றுக்கும் ஒரு நடுவாந்தர விலையே தருவார். அந்த விலைக்குக் கட்டாது என்று நல்ல பொருள் வைத்திருப்பவர் விலகிக்கொள்வார். சந்தையில் சொத்தையே மிஞ்சும்.

இந்த நம்பிக்கையின்மையை ஈடுகட்டவே ஒரு தரவரிசை மொழி உருவாகியிருக்கிறது. அயல்நாட்டு ஏலத் தளங்களில், குறிப்பாக ஜப்பானிய விற்பனையாளர்களிடம், இது தனி இலக்கணமாகவே வளர்ந்துவிட்டது. 'மின்ட்' என்றால் புத்தம்புதிது போல. அதற்குக் கீழே 'நியர் மின்ட்', அதற்கும் கீழே 'எக்ஸலென்ட்'. ஆனால் எக்ஸலென்ட்டுக்குப் பின்னால் ஐந்து கூட்டல் குறிவரை போடுகிறார்கள். அமைப்பியல் படித்தவர்களுக்கு இது புரியும். இங்கே 'எக்ஸலென்ட்' என்ற சொல்லுக்குத் தன்னளவில் அர்த்தமில்லை, மேலும் கீழும் உள்ள சொற்களோடு அது கொள்ளும் வேறுபாட்டில்தான் அர்த்தம். கூட்டல் குறி இல்லாத வெறும் 'எக்ஸலென்ட்' உண்மையில் சுமார் என்றே பொருள்படுகிறது.

இதைவிட முக்கியம் மௌனங்கள். 'சோதித்துப் பார்க்கவில்லை' என்பது பெரும்பாலும் 'சோதித்துப் பார்த்தேன், ஓடவில்லை' என்பதன் நாகரிக வடிவம். 'ஷட்டர் வேலை செய்கிறது' என்றால் எல்லா வேகத்திலுமா என்று கேட்கவேண்டும். 'பயன்பாட்டைப் பாதிக்காத சிறு பூஞ்சை' என்பதில் 'சிறு' என்பது யாருடைய அளவுகோல்? லென்ஸைப் பின்னாலிருந்து விளக்கொளியில் காட்டும் படம் ஏன் இல்லை? நல்ல வாசகர் எழுதப்பட்டதைவிட எழுதாமல் விட்டதில் கூடுதல் நேரம் நிற்பார். வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதானால் அஞ்சல் செலவு, சுங்க வரி, அந்த வகைப் பழைய பொருளை இறக்குமதி செய்யத் தடை ஏதும் உண்டா என்பதெல்லாம் விளம்பரத்துக்கு வெளியே உள்ள பிரதிகள். அவற்றையும் வாசித்துவிட்டே ஏலத்தில் இறங்கவேண்டும்.

3

சில கேமராக்கள் தம் வரலாற்றைத் தம் உடம்பிலேயே எழுதி வைத்திருக்கின்றன. ஸ்வீடனின் ஹாஸல்பிளாடை எடுத்துக்கொள்வோம். அதன் வரிசை எண்ணுக்கு முன்னால் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். 'விஎச்பிக்சர்ஸ்' என்ற பத்தெழுத்துச் சங்கேதத்தில் வி என்பது 1, எச் என்பது 2 என்று வரிசையாக வந்து கடைசி எஸ் என்பது 0 ஆகும். 'யு, இ' என்று இருந்தால் 1979இல் தயாரானது. 'எண்பதுகளின் மாடல்' என்று விற்பவர் சொன்னால் இந்த எழுத்துகள் அவரை மறுத்துப் பேசும். அதன் ஃபிலிம் பெட்டிக்கும் உள்ளே செருகும் பகுதிக்கும் எண்கள் ஒத்துப்போகின்றனவா என்பதையும் பார்க்கவேண்டும். ஒத்துப்போகாவிட்டால் இரண்டும் வெவ்வேறு கேமராக்களிலிருந்து வந்து சேர்ந்தவை.

நம் பக்கத்தில் அதிகம் கிடைப்பது இரட்டை லென்ஸ் கேமராதான். 1929இல் ஜெர்மனியில் வந்த ரோலைஃப்ளெக்ஸ் பரவலாக்கிய வடிவம் அது. மேல் லென்ஸ் பார்ப்பதற்கு, கீழ் லென்ஸ் எடுப்பதற்கு. விலை குறைந்த ஜப்பானிய வாரிசான யாஷிகா மேட்-124ஜி 1970 முதல் 1986 வரை தயாரானது. இதை வாங்குபவர் கவனிக்க வேண்டியவை இவை. வேகத்தை ஒரு நொடியில் வைத்து அழுத்திக் காதால் கேட்கவேண்டும். பழைய எண்ணெய் இறுகியிருந்தால் ஷட்டர் இழுத்துக்கொண்டே போகும் அல்லது நடுவில் நின்றுவிடும். இதை வீடியோவாக எடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்பது தப்பில்லை. ஒளிமானி பாதரச பேட்டரியின் 1.35 வோல்ட்டுக்காக அமைக்கப்பட்டது. அந்த பேட்டரி பல நாடுகளில் தடைசெய்யப்பட்டுவிட்டது. இன்றைய 1.5 வோல்ட் பேட்டரியைப் போட்டால் முள் ஆடும், ஆனால் அளவு தவறலாம். 'மீட்டர் வேலை செய்கிறது' என்பது முள் ஆடுவதைத்தான் சொல்கிறது, அது சரியாகச் சொல்கிறதா என்பதை அல்ல. பின்கதவின் உள்ளே இருக்கும் தகடு 12 படத்துக்கான நிலையில் இருக்கவேண்டும். 24 என்ற நிலை 220 சுருளுக்கானது.

எல்லாவற்றுக்கும் மேல் பூஞ்சை. கடற்காற்றும் ஐப்பசி கார்த்திகை ஈரமும் உள்ள இந்த ஊரில் தோல் பைக்குள் பத்து வருஷம் கிடந்த லென்ஸில் அது இல்லாமலிருந்தால்தான் ஆச்சரியம். மேலோட்டமாக இருந்தால் துடைத்தெடுக்கலாம். கண்ணாடியின் பூச்சைத் தின்றுவிட்டிருந்தால் துடைத்த பிறகும் தடம் போகாது. கீழ் லென்ஸில் இருப்பதுதான் படத்தைப் பாதிக்கும். மேல் லென்ஸில் மட்டும் இருந்தால் அதைக் காட்டி விலையைக் குறைக்கலாம்.

4

இவ்வளவையும் மனப்பாடம் செய்துகொண்டுதான் கிழக்குத் தாம்பரத்துக்குப் போனேன். காலமாகிவிட்ட ஒரு ஸ்டுடியோக்காரரின் வீடு. மகன் கேமராவை எடுத்துவந்தார். யாஷிகாதான். ஒரு நொடி ஒரு நொடியாகவே ஓடியது. கீழ் லென்ஸின் ஓரத்தில் மட்டும் ஒரு நூலிழை. விலையை ஐந்நூறு குறைத்துப் பேசி முடித்துவிட்டு, கிளம்பும்போதுதான் அவருடைய அம்மாவிடம் கேட்டேன், "ஐயா எடுத்த நெகட்டிவ் எல்லாம் இருக்குங்களாம்மா?"

"அதெல்லாம் போன போகிக்கு எடைக்குப் போட்டாச்சு தம்பி. ரெண்டு சாக்கு. அதுல வெள்ளி இருக்குதாம், அதனால எடுத்துக்கறேன்னான்."

முப்பது வருஷ வேலை அந்த இரண்டு சாக்கு. ஹால் டிக்கெட்டுக்குப் படம் எடுத்துக்கொண்ட கல்லூரிப் பையன்கள், ஊர் மாற்றலாவதற்கு முன் குடும்பத்தோடு வந்து நின்ற விமானப்படைக்காரர்கள், ரயில்வே குவார்ட்டர்ஸ் கல்யாணங்கள். சாவு வீட்டுக்கும் போவாராம், பிணத்தை உட்கார வைத்து எடுக்க. வாழ்நாளில் ஒரே ஒரு படம், அதுவும் செத்த பிறகு எடுத்துக்கொண்டவர்கள் அதில் இருந்திருப்பார்கள்.

நான் கேட்ட கேள்விகளின் வரிசையை அப்போதுதான் யோசித்தேன். ஷட்டர், பூஞ்சை, மீட்டர், விலை, கடைசியில் நெகட்டிவ். முதல் நான்கும் சந்தை எனக்குக் கற்றுத்தந்தவை. ஸ்டுடியோவில் அந்தக் கேமரா ஓர் உற்பத்திச் சாதனம், அரிசி வாங்கிப்போட்ட கருவி. 'ஆண்டிக் பீஸ்' என்று பெயர் சூட்டப்பட்ட கணத்தில் அது உழைப்பிலிருந்து கழன்று, தனக்கே மதிப்புள்ள பண்டமாகிவிடுகிறது. அந்த மதிப்பேற்றத்தின் மறுபக்கம்தான் நெகட்டிவ் எடைக்குப் போவது. சந்தை கருவிக்கு விலை வைத்திருக்கிறது. கருவி பதிவுசெய்த முகங்களுக்கு அதனிடம் உள்ள ஒரே விலை வெள்ளியின் விலை.

பெரிய மனிதர்களின் படங்களுக்கு ஆவணக் காப்பகம் உண்டு. நாட்குறிப்போ கடிதமோ எழுதிவைக்காத மக்களுக்கு ஸ்டுடியோ நெகட்டிவே காப்பகம். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்து ஆய்வாளர்கள் 2010களில் பிரிட்டிஷ் நூலகத்தின் நிதியுதவியோடு தமிழ்நாட்டு ஸ்டுடியோப் படங்களைத் தேடி மின்வடிவில் சேமித்தார்கள். அதைப் பாராட்டும்போதே, ஊர் ஊராக ஆய்வாளர்கள் வந்துகொண்டிருக்க முடியாது என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் கேமரா வாங்குபவர்கள் ஊர் ஊராகப் போகிறார்கள். மூடிக்கிடக்கும் ஸ்டுடியோவின் வாசல்வரை போகிற கடைசி ஆள் அநேகமாக நாம்தான்.

எனவே விற்பவருக்கு அனுப்பும் முதல் செய்தியிலேயே, ஷட்டரைப் பற்றிக் கேட்பதற்கு முன்பாகவே, நெகட்டிவ் இருக்கிறதா என்று கேட்டுவிடலாம். இருந்தால் விற்கவேண்டாம், வெயிலும் ஈரமும் படாமல் வையுங்கள் என்று சொல்லலாம். வைக்க இடமில்லை என்றால், குடும்பத்தின் சம்மதத்தோடு, எடுத்தவர் பெயரும் ஊரும் வருஷமும் உறைமேல் எழுதி வாங்கிவைக்கலாம். அட்டைப் பெட்டியும் காகித உறையும் போதும். பிளாஸ்டிக் பை ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும்.

என்னிடம் இப்போது ஓடுகிற யாஷிகா ஒன்று இருக்கிறது. அதற்குள் முன்பு ஓடிய சுருள்களில் ஒன்றுகூட இல்லை.